அத்தியாயம் 9: பணமும் இரகசியமும் இருக்கும் கேனிஸ்டரை மேம்படுத்துதல்

2017 ஜூலையில் எத்தீரியத்தில் இயங்கிய பாரிட்டி பணப்பைகளிலிருந்து பெருந்தொகை திருடுபோனது. மறுநாளே ஓட்டையை அடைத்துப் புதிய நிரலை ஏற்றினார்கள். அந்த அவசரத்தில், பல பணப்பைகளுக்குப் பொதுவாக இருந்த நிரல் தொகுப்புக்கு உரிமையாளர் யார் என்று பதிய மறந்துவிட்டார்கள். நவம்பர் 6 அன்று யாரோ ஒருவர் அந்த உரிமையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு தொகுப்பையே அழித்துவிட்டார். அதை நம்பியிருந்த பணப்பைகளில் 5,13,774 ஈத்தர் உறைந்துபோனது.

2022இல், பிளாக்செயின்களுக்கிடையே பணம் கொண்டுபோகும் நோமாட் பாலத்திலும் இதேபோல் நடந்தது. ஜூனில் செய்த மேம்படுத்தலில், நம்பத்தக்க மதிப்பு என்று பதியவேண்டிய இடத்தில் பூஜ்யம் பதிவானது. சரிபார்க்கப்படாத செய்திகள் எல்லாம் சரிபார்க்கப்பட்டவையாகக் கணக்காயின. ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் அதே வழியில் எடுக்கத் தொடங்க, சுமார் 19 கோடி டாலர் போனது.

இரண்டு இடத்திலும் பிழை நுழைந்தது மேம்படுத்தும் வேளையில்தான். அதனால்தான் இந்த நூலில் நிரல் எழுதுவதற்கு ஒதுக்கிய அளவு இடத்தை நிரல் மாற்றுவதற்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் தளம், சூரிக் நகரில் உள்ள டிஃபினிட்டி அறக்கட்டளை உருவாக்கி 2021 மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த இன்டர்நெட் கம்ப்யூட்டர். ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையை நம்பாமல், தனித்தனி உரிமையாளர்களின் கணினிகள் (நோட்கள்) சப்நெட்டாகச் சேர்ந்து இயங்கும் மேகக் கணிமை இது. 13 நோட்கள் உள்ள சப்நெட்டில் 4 நோட்கள் கெட்டுப்போனாலும், பொய் சொன்னாலும் கணக்கு பிசகாது. எடுத்துக்காட்டாக ‘பெட்டகம்’ என்றொரு செயலியை வைத்துக்கொள்வோம். பயனர்கள் அதில் பிட்காயினை ஈடாகக் கொண்ட சிகேபிடிசி டோக்கனைச் சேமிக்கிறார்கள். ஒவ்வொரு கணக்கோடும் தங்கள் சொந்தக் குறிப்புகளைக் குறியாக்கம் செய்து வைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டகத்துக்குப் புதிய பதிப்பு ஏற்ற வேண்டும்.

எது தங்கும், எது அழியும்

கேனிஸ்டர் என்பது நிரலும் அதன் நினைவகமும் சேர்ந்த ஒரே பொதி. நிரலை ஏற்ற மூன்று முறைகள் உண்டு: புதிதாக நிறுவுதல், மறுநிறுவல், மேம்படுத்தல். மறுநிறுவல் எல்லாத் தரவையும் துடைத்துவிடும். மக்கள் பணம் இருக்கும் கேனிஸ்டரில் அந்தக் கட்டளை ஒருபோதும் வரக்கூடாது. உங்கள் ஏற்றும் ஸ்கிரிப்டில் ‘மேம்படுத்தல்’ என்ற முறையை வெளிப்படையாக எழுதிவையுங்கள்.

மேம்படுத்தும்போது கேனிஸ்டரின் அடையாள எண், அதில் இருக்கும் சைக்கிள்கள் (இயங்கும் செலவுக்கான இருப்பு), ஸ்டேபிள் மெமரி ஆகியவை தங்கும். ஹீப் எனப்படும் சாதாரண நினைவகம் அழியும். டைமர்களும் நின்றுவிடும். டைமரை மறப்பவர்கள் பலர். நிலுவைப் பணத்தை மணிக்கொரு முறை பட்டுவாடா செய்யும் டைமரை, மேம்படுத்தலுக்குப் பின் ஓடும் போஸ்ட்-அப்கிரேடு செயற்கூறில் மறுபடி தொடங்கிவைக்காவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. செயலி நன்றாகத்தான் தெரியும். பட்டுவாடா மட்டும் நடக்காது.

நினைவகத்தை ஒழுங்கு செய்யுங்கள்

தொடக்கத்தில் பலரும் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. தரவையெல்லாம் ஹீப்பில் வைத்துக்கொள்வார்கள். மேம்படுத்தலுக்கு முன் ஓடும் ப்ரீ-அப்கிரேடில் மொத்தத்தையும் மூட்டை கட்டி ஸ்டேபிள் மெமரியில் எழுதுவார்கள், போஸ்ட்-அப்கிரேடில் அவிழ்ப்பார்கள். நூறு பயனர்கள் இருக்கும்வரை இது வேலை செய்யும். தரவு பெருகப் பெருக மூட்டை கட்டவே நேரம் போதாது. ஒரு மேம்படுத்தலுக்குள் ஓடக்கூடிய கட்டளைகளின் உச்சவரம்பு 30,000 கோடி. அதைத் தாண்டினால் ப்ரீ-அப்கிரேடு முறிந்து, மேம்படுத்தல் நின்று, பழைய பதிப்பே தொடரும்.

இதில் கண்ணி எங்கே இருக்கிறதென்றால், ஓடுவது பழைய பதிப்பின் ப்ரீ-அப்கிரேடு. அதைத் திருத்தவேண்டுமானால் மேம்படுத்த வேண்டும். மேம்படுத்தினால் அதுவே ஓடி முறியும். அதை ஓடவிடாமல் தாண்டிச் செல்லும் தெரிவு ஒன்று உண்டு. ஆனால் தாண்டினால் ஹீப்பில் இருந்த கணக்குகள் போய்விடும்.

ஆகவே முதல் நாளிலிருந்தே கணக்குகளை ஸ்டேபிள் மெமரியிலேயே வாழவிடுங்கள். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு அதற்கென்றே ஸ்டேபிள் ஸ்ட்ரக்சர்ஸ் நூலகம் இருக்கிறது. மோட்டோகோவில் ஸ்டேபிள் மாறிகள் மொழியின் பகுதியாகவே வருகின்றன. மூட்டை கட்டுவதும் இல்லை, அவிழ்ப்பதும் இல்லை.

ரஸ்ட் நூலகத்தில் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு அட்டவணைக்கும் நீங்கள் ஒரு நினைவக எண் கொடுக்கிறீர்கள். கணக்குகள் 0, பரிமாற்றங்கள் 1, குறிப்புகள் 2 என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பில் நிரலை அழகுபடுத்தும் ஆசையில் இந்த எண்களை மாற்றி அடுக்கினால், கணக்கு அட்டவணை வேறோர் அட்டவணையின் தரவைப் படிக்கும். இதுவரை பயன்படுத்தாத எண்ணைக் கொடுத்தால் வெறுமையாகத் திறக்கும். ஒருமுறை கொடுத்த எண் அந்த அட்டவணைக்கே உரியது. அட்டவணை வேண்டாமென்று நீக்கினாலும் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பதிவுகளில் புதிய புலம் சேர்த்தால், அது இல்லாத பழைய பதிவும் படிக்கும்படி விருப்பப் புலமாகச் சேருங்கள்.

வாசலை மாற்றாதீர்கள்

பெட்டகத்தோடு பேசுபவர்கள் பலர்: உங்கள் இணையப் பக்கம், மற்றவர்களின் கேனிஸ்டர்கள், பயனரின் உலாவியில் நேற்றே திறந்து வைத்த பழைய பக்கம். எல்லாரும் கேண்டிட் என்ற இடைமுக விவரிப்பை நம்பித்தான் பேசுகிறார்கள். நீங்கள் மேம்படுத்திய கணத்தில் அவர்களும் மாறிவிடமாட்டார்கள்.

புதிய செயற்கூறு சேர்ப்பதால் யாருக்கும் பாதிப்பில்லை. பழையதை நீக்கினால் அதை அழைப்பவர் விழுவார். உள்ளே வாங்கும் விவரத்தில் புதிய புலம் சேர்த்தால் அது விருப்பப் புலமாக இருக்க வேண்டும். திருப்பித் தரும் பதிவில் புலம் கூட்டலாம், குறைக்கக் கூடாது. பலர் தவறுவது பிழைச் செய்திகளில். ‘இருப்பு போதவில்லை’, ‘கணக்கு இல்லை’ என்ற இரண்டு பிழைகளைத் தந்துகொண்டிருந்த செயற்கூறு, புதிய பதிப்பில் ‘தற்காலிகத் தடை’ என்ற மூன்றாவதைத் தரத் தொடங்கினால் பழைய நிரல்களுக்கு அது புரியாது; பதிலையே படிக்க முடியாமல் முறியும். அதைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் புதிய பெயரில் இரண்டாவது செயற்கூறு எழுதுங்கள். பழையதைச் சில மாதங்கள் கூடவே ஓடவிடுங்கள்.

வழியில் இருக்கும் பணம்

பெட்டகம் பணத்தைத் தன் கையில் வைத்திருப்பதில்லை. சிகேபிடிசி 2023 ஏப்ரலில் வந்தது. ஒவ்வொரு சிகேபிடிசிக்கும் ஈடாக ஒரு பிட்காயின் இருக்கும். அதன் பேரேடு தனிக் கேனிஸ்டர். பெட்டகம் அந்தப் பேரேட்டை அழைத்து ‘இவருக்கு இவ்வளவு அனுப்பு’ என்று கேட்கும். பதில் வரும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில் மேம்படுத்தல் வந்தால், திரும்பி வரும் பதிலை வாங்கவேண்டிய நிரல் இடம்மாறி இருக்கலாம். பதில் தவறான வாசலைத் தட்டும்.

இதைத் தவிர்க்க, மேம்படுத்தும் முன் கேனிஸ்டரை நிறுத்துங்கள். நிறுத்தும் கட்டளை வந்ததும் அது புதிய அழைப்புகளை ஏற்காது; வெளியே போன அழைப்புகளுக்கெல்லாம் பதில் வந்து சேர்ந்த பிறகே முழுமையாக நிற்கும். முன்பின் தெரியாத கேனிஸ்டர் ஒன்றை நீங்கள் அழைத்து, அது பதிலே தராமல் இழுத்தடித்தால் உங்கள் கேனிஸ்டர் நிற்கவே நிற்காது. நம்பிக்கை இல்லாத இடங்களுக்குக் காலவரம்புள்ள அழைப்பைப் பயன்படுத்துங்கள். அதிகபட்சம் 5 நிமிடத்தில் ஏதோ ஒரு பதில் வந்துவிடும்.

அந்தப் பதில் ‘நடந்ததா என்று தெரியாது’ என்றும் இருக்கலாம். பணம் போனதா இல்லையா என்று தெரியாத நிலையில் மறுபடி அனுப்பினால் இருமுறை போகும். அனுப்பாவிட்டால் ஒருவேளை போகாமலே நிற்கும். இதற்கு மருந்து பேரேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பரிமாற்றத்தோடும் உருவான நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். அதே நேரக்குறிப்போடும் அதே விவரங்களோடும் 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பினால், ‘இது ஏற்கெனவே நடந்தது, இன்ன எண்ணில் பதிவாகியிருக்கிறது’ என்று பேரேடு பதில் தரும். பணம் இரண்டாம் முறை நகராது.

ஆகவே அனுப்பும் முன்பே ‘இன்னாருக்கு, இவ்வளவு, இந்த நேரக்குறிப்பு’ என்று ஸ்டேபிள் மெமரியில் எழுதுங்கள். பதில் வந்ததும் ‘முடிந்தது’ என்று குறியுங்கள். மேம்படுத்தல் முடிந்து கேனிஸ்டர் கண் விழிக்கும்போது, முடியாதவற்றைப் பார்த்து அதே நேரக்குறிப்போடு மறுபடி கேட்கட்டும்.

பயனருக்குக் கொடுத்த வைப்பு முகவரியும் இந்தக் கணக்கில் சேரும். ஒவ்வொரு பயனருக்கும் 32 பைட் நீளமுள்ள துணைக்கணக்கை ஏதோ ஒரு சூத்திரத்தால் உருவாக்கி, அதிலிருந்து பிட்காயின் முகவரி பெற்றிருப்பீர்கள். அந்தச் சூத்திரத்தை மாற்றினால் முகவரிகள் மாறும். பழைய முகவரியைக் குறித்துவைத்திருக்கும் பயனர் அதற்கே பணம் அனுப்புவார். அது உங்கள் நிரல் பார்க்காத கணக்கில் போய்க் கிடக்கும்.

சாவியை இழக்காதீர்கள்

பிளாக்செயின் மேகத்தில் இரகசியம் என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். உங்கள் கேனிஸ்டரின் நினைவகம் பல நோட்களில் இருக்கிறது. நோட் நடத்துபவர் அதைப் படிக்கக்கூடும் என்று எண்ணியே வடிவமையுங்கள். பெட்டகத்தில் பயனரின் குறிப்புகளை அவர் உலாவியிலேயே குறியாக்கம் செய்து, அந்த வடிவத்திலேயே சேமிப்பது இதனால்தான்.

அதற்கான சாவியை 2025இல் மெயின்நெட் எனப்படும் உண்மைத் தளத்துக்கு வந்த வெட்கீஸ் வசதி தருகிறது. சப்நெட்டின் நோட்கள் சேர்ந்து, முழுச் சாவியும் எந்த ஒரு நோட்டுக்கும் தெரியாதபடி அதை உருவாக்கி, பயனர் மட்டும் திறக்கக்கூடிய உறையில் போட்டு அனுப்புகின்றன. சாவி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. கேட்கும்போதெல்லாம் அதே சாவி மறுபடி உருவாகிறது.

எதைக் கொண்டு உருவாகிறது என்பதில்தான் மேம்படுத்துபவரின் பொறுப்பு இருக்கிறது. நான்கு விவரங்கள் சேர்ந்தே ஒரு சாவி பிறக்கிறது: கேனிஸ்டரின் அடையாள எண், நிரலில் நீங்கள் கொடுத்த சூழல் சொல், பயனரைக் குறிக்கும் உள்ளீடு, முதன்மைச் சாவியின் பெயர். நான்கில் ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் பிறப்பது வேறு சாவி. பழைய குறிப்புகள் பத்திரமாக இருக்கும். ஆனால் அவற்றைத் திறக்கும் சாவி வராது. சூழல் சொல்லில் பதிப்பு எண்ணைச் சேர்த்து எழுதும் வழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள்: பதிப்பு 1 என்பதை 2 என்று மாற்றிய நாளில் எல்லாப் பயனர்களும் பூட்டிய பெட்டியின் வெளியே நிற்பார்கள். சோதனைச் சாவியோடு பொதுமக்களை அனுமதித்துவிட்டு, பிறகு உண்மைச் சாவிக்கு மாறுவதும் இதே விளைவைத் தரும். பிட்காயின், எத்தீரியம் முகவரிகளை உருவாக்கும் கூட்டுக் கையொப்பச் சாவிகளுக்கும் இந்த விதியே பொருந்தும். கேனிஸ்டரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம் என்ற எண்ணம் ஒருபோதும் வேண்டாம். அடையாள எண் போனால் முகவரிகளும் அவற்றில் இருக்கும் பணமும் கைவிட்டுப் போகும்.

மேம்படுத்தும் நாளில் இரகசியம் கசியும் இன்னொரு வழி, பிழை தேடுவதற்காகச் சேர்த்த அச்சு வரிகள். கேனிஸ்டரின் லாக் பதிவை யார் பார்க்கலாம் என்ற அமைப்பைச் சரிபாருங்கள். பயனரின் பெயரோ தொகையோ அதில் வரக்கூடாது. ஒத்திகைக்கு மக்களின் உண்மைத் தரவை உங்கள் மடிக்கணினிக்கு இறக்காதீர்கள்; அதே வடிவில் பொய்த் தரவை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒத்திகை: இரண்டு முறை ஏற்றுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. பாக்கெட்ஐசி என்ற கருவி முழுத் தளத்தையும் உங்கள் கணினியில் சிறிய உருவில் ஓட்டிக் காட்டும். காலத்தைக்கூட வேண்டிய அளவு முன்னே தள்ளிப் பார்க்கலாம். மெயின்நெட்டில் இப்போது ஓடும் அதே பதிப்பை அதில் ஏற்றுங்கள். பேரேட்டையும் ஏற்றுங்கள். இன்றைய தரவின் பத்து மடங்கை நிரப்புங்கள். பரிமாற்றங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மேம்படுத்துங்கள். முன்னும் பின்னும் எல்லா இருப்புகளின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பேரேடு சொல்லும் தொகையோடும் ஒப்பிடுங்கள். பழைய குறிப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள்.

பிறகு அதே புதிய பதிப்பை இன்னொரு முறை ஏற்றுங்கள். முதல் முறை ஓடியது பழைய பதிப்பின் ப்ரீ-அப்கிரேடு. நீங்கள் இப்போது எழுதியது ஓடப்போவது அடுத்த மேம்படுத்தலில்தான். அதில் பிழை இருந்தால் இன்று தெரியாது; அடுத்த முறை ஓர் அவசரத் திருத்தம் ஏற்ற வேண்டிய இரவில் தெரியும்.

மேம்படுத்தும் நாள்

1. நாள், நேரத்தைப் பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. சைக்கிள் இருப்பைப் பாருங்கள். இருப்பு எவ்வளவு குறைந்தால் கேனிஸ்டர் உறையும் என்ற உறைநிலை வரம்பு இயல்பாக 30 நாள் செலவுக்கு வைக்கப்பட்டிருக்கும். பணம் இருக்கும் கேனிஸ்டரில் அதை 90 நாளாவது ஆக்குங்கள். சைக்கிள் முற்றும் தீர்ந்தால் நிரலும் தரவும் சேர்ந்தே போகும்.

3. புதிய வைப்புகளையும் எடுப்புகளையும் செயலிக்குள்ளேயே நிறுத்துங்கள். நிலுவைகள் முடியட்டும்.

4. கேனிஸ்டரை நிறுத்துங்கள். முழுமையாக நின்றதா என்று பாருங்கள்.

5. ஸ்னாப்ஷாட் எடுங்கள். நிரல், ஹீப், ஸ்டேபிள் மெமரி மூன்றும் அந்தக் கணத்தில் இருந்தபடியே பதிவாகும்.

6. மேம்படுத்தல் முறையில் புதிய நிரலை ஏற்றுங்கள். போஸ்ட்-அப்கிரேடு முறிந்தால் தளமே பழைய நிலைக்குத் திருப்பிவிடும்.

7. ஏறிய நிரலின் ஹாஷ், நீங்கள் வெளியிட்ட ஹாஷோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

8. கேனிஸ்டரைத் தொடங்குங்கள். பொதுவாசல் இன்னும் மூடியே இருக்கட்டும். உங்கள் சொந்தக் கணக்கில் சிறு தொகை வைத்து, எடுத்து, ஒரு குறிப்பைத் திறந்து பாருங்கள். டைமர் ஓடுகிறதா பாருங்கள்.

9. எல்லாம் சரியென்றால் வாசலைத் திறங்கள்.

எட்டாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. வாசலைத் திறக்கும்வரை ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். திறந்தபின் திரும்பக் கூடாது. ஸ்னாப்ஷாட் உங்கள் கேனிஸ்டரை மட்டுமே பின்னால் கொண்டுபோகும். சிகேபிடிசி பேரேடு பின்னால் போகாது. மதியம் ஒருவர் எடுத்துச் சென்ற பணம், காலை நிலைக்குத் திரும்பிய உங்கள் கணக்கில் எடுக்கப்படாததாகத் தெரியும். அவர் மறுபடி எடுப்பார். அது இன்னொருவர் பணம். சோதனைப் பரிமாற்றம் உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் நடக்கவேண்டும் என்று எட்டாம் படியில் சொன்னதும் இதற்காகவே. வாசல் திறந்த பின் பிழை தெரிந்தால் முன்னோக்கித்தான் போகவேண்டும்: செயலியை இடைநிறுத்தி, திருத்திய பதிப்பை ஏற்றுங்கள்.

மேம்படுத்தும் உரிமை யாரிடம்?

கேனிஸ்டரை மேம்படுத்தும் உரிமை கண்ட்ரோலர்களுக்கு உண்டு. பத்துப் பேர்வரை வைக்கலாம். ஒரே ஒரு பொறியாளரின் சாவி கண்ட்ரோலராக இருந்தால், அவர் நாளைக்கே வேறொரு நிரலை ஏற்றி எல்லார் பணத்தையும் தன் கணக்குக்கு அனுப்பலாம். எல்லாருடைய குறிப்புச் சாவிகளையும் கேட்டு வாங்கலாம். குறியாக்கம் எவ்வளவு வலியதானாலும் இது நடக்கும். பரவலாக்கப்பட்டது, தனியுரிமை உள்ளது என்று நீங்கள் சொல்வதெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் உண்மையாகிறது, அல்லது பொய்யாகிறது.

சிலர் கண்ட்ரோலர்களை நீக்கி, மாற்றவே முடியாத கேனிஸ்டராக விட்டுவிடுகிறார்கள். சிறிய, முற்றுப்பெற்ற நிரலுக்கு அது சரி. பிழை இருந்தால் திருத்த வழியில்லை. நடுவழி, உரிமையை எஸ்என்எஸ் எனப்படும் பயனர் பேரவையிடம் ஒப்படைப்பது. ஒவ்வொரு மேம்படுத்தலும் அங்கே முன்மொழிவாக வரும். டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். நிறைவேறினால் தானே ஏறும். ஓப்பன்சாட் என்ற உரையாடல் செயலி 2023 முதல் இப்படித்தான் இயங்குகிறது.

வாக்கெடுப்புக்கும் விலை உண்டு. 2021 செப்டம்பர் இறுதியில், எத்தீரியத்தில் ஓடும் காம்பவுண்டு தளத்தின் 62ஆம் முன்மொழிவு நிறைவேறி ஏறியது. அதில் இருந்த பிழையால் பயனர்களுக்கு அளவுக்கு மீறி காம்ப் டோக்கன் போகத் தொடங்கியது. முதலில் 2,80,000 டோக்கன்கள்வரை ஆபத்தில் இருந்தன. திருத்தம் ஏற்றவும் அதே நடைமுறையில் ஏழு நாள் வேண்டும். பிழை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே மேம்படுத்தும் உரிமையைப் பேரவைக்குக் கொடுங்கள். இடைநிறுத்தும் உரிமையை மட்டும் தனியே, சிலர் சேர்ந்து கையொப்பமிடும் குழுவுக்குக் கொடுங்கள். அந்தக் குழுவால் வாசலை மூட முடியவேண்டும். ஒரு காசையும் நகர்த்த முடியக்கூடாது.

வாக்களிப்பவர் எதற்கு வாக்களிக்கிறார் என்று அவருக்குத் தெரியவும் வேண்டும். மூல நிரலை வெளியிடுங்கள். யார் தொகுத்தாலும் பைட் பிசகாமல் அதே கோப்பு வரும்படி, டாக்கரில் பதிப்புகளைக் கட்டிவைத்த தொகுப்பு முறையைத் தாருங்கள். முன்மொழிவில் ஹாஷை எழுதுங்கள். கேனிஸ்டரில் ஓடும் நிரலின் ஹாஷை எவரும் பார்க்கலாம். இரண்டும் ஒன்றுதானா என்று அவரே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஏற்றும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

- நினைவக எண்கள், துணைக்கணக்குச் சூத்திரம், சாவியின் சூழல் சொல் மூன்றும் பழையபடியே இருக்கின்றனவா?
- பழைய இணையப் பக்கம் புதிய கேனிஸ்டரோடு பேசிப் பார்த்தோமா?
- முடியாத பரிமாற்றங்களை அதே நேரக்குறிப்போடு தொடர வழி இருக்கிறதா?
- டைமர்களை மறுபடி தொடங்கும் வரி போஸ்ட்-அப்கிரேடில் இருக்கிறதா?
- இரண்டு முறை ஏற்றிப் பார்த்தோமா?
- எந்தக் கட்டம்வரை பின்வாங்கலாம் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியுமா?
- அந்நியர் ஒருவர் நம் ஹாஷைத் தானே சரிபார்க்க முடியுமா?

ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அன்றைக்கு ஏற்றாதீர்கள். புதிய வசதி ஒரு வாரம் தாமதமானால் யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. பெட்டகத்தில் பணம் வைத்தவர் உங்கள் முகத்தைப் பார்த்தவரில்லை. நிரலை நம்பி வைத்தவர். அந்த நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் நம்பிக்கையைத்தான் நீங்கள் கையில் எடுக்கிறீர்கள். பதறாமல், ஒத்திகை பார்த்து, எல்லாரும் பார்க்கும்படி செய்யுங்கள்.